சிறைத் தீவில் எழுதிய திருமறை

பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்களை இரண்டு கவலைகள் ஓயாது வருத்துகின்றன. தாய்மொழி பிள்ளைகளின் நாவில் நிலைக்குமோ என்பது ஒன்று. முன்னோர் கைக்கொண்ட மார்க்கம் அவர்தம் நெஞ்சில் நிலைக்குமோ என்பது மற்றொன்று. சொந்த ஊரில் பாங்கோசை ஐந்து வேளையும் தானே வந்து செவியில் விழுகின்றது. நோன்பு மாதம் வந்துவிட்டால் தெருவே நோன்பு நோற்கின்றது. பள்ளிவாசற் கஞ்சியின் மணமே மாலைப்பொழுதை அறிவித்துவிடுகின்றது. வடபுலத்துப் பெருநகர் ஒன்றில், அயல்மொழி பேசுவோர் நடுவே, ஓர் அறையும் அடுக்களையுமாகக் குடித்தனம் நடத்துவோர்க்கு இவற்றுள் எதுவும் தானாக வருவதில்லை. வேலை போதல், நோய், வாடகைக்கு வீடு கிடையாமை, அயலாரின் ஐயப்பார்வை ஆகியனவும் உடன் சேர்ந்துகொண்டால், உறுதியான உள்ளமும் சிறிது தளரத்தான் செய்யும்.

நம் சங்கத்து முஸ்லிம் அன்பர்கள் சிலர், "இடர் மிகுந்த காலத்தில் ஈமானை எவ்வாறு காப்பது?" என்று பல சமயங்களில் நம்மிடம் வினவியதுண்டு. இதற்கு அறிவுரை கூறும் தகுதி ஆலிம்களுக்கு உரியது. நமக்கு அத்தகுதி இல்லை. ஆனால், நம் தமிழ்க் கடற்கரையோடும் தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. அறிவுரையைவிட அது நன்கு விடை கூறும் என்று கருதி, அதனை இங்கே எழுதத் துணிகின்றோம். முஸ்லிம் அல்லாத அன்பர்களும் இதனைப் படித்தல் வேண்டுமென்பது நம் விருப்பம்.

இஸ்லாத்தின் தொடக்கமே இடரில்தான் அமைந்தது என்பது யாவரும் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குலத்தார் மக்கத்துக் கணவாய் ஒன்றில் ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவு விற்பாரும் இலர். அவர்களோடு மண உறவு கொள்வாரும் இலர். அது நீங்கிய சிறிது காலத்தில், 619ஆம் ஆண்டில், துணைவியார் கதீஜா நாயகியாரும், புரந்து காத்த பெரிய தந்தையார் அபூதாலிபும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். துயர ஆண்டு என்றே அவ்வாண்டுக்குப் பெயர். இதனை நம் அன்பர்கள் மீலாது மேடைகளில் பன்முறை கேட்டிருப்பர், ஆதலின் விரிக்கவில்லை. அத்துயர ஆண்டின் பாடத்தைப் பதினோரு நூற்றாண்டுகளுக்குப் பின், உலகத்தின் தென்கோடியில், எளிய மக்கள் சிலர் எவ்வாறு வாழ்ந்து காட்டினர் என்பதே நாம் சொல்லப்புகும் செய்தி.

தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1652இல் டச்சுக் கும்பினியார் குடியேறினர். கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நன்னீரும் தருவதற்கென்று அவ்விடத்தை அமைத்தனர். உழைக்க ஆள் வேண்டுமன்றோ? கப்பல் கப்பலாக அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினர். 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் இவ்வாறு கொணரப்பட்டனர் என்பது வரலாற்று ஆசிரியர்தம் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் நம் இந்தியத் துணைக்கண்டத்தார். வங்காளம், மலையாளக்கரை, இலங்கை ஆகியவற்றுடன் சோழமண்டலக் கரையிலிருந்தும் பலர் சென்றனர். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அக்காலத்தில் டச்சுக்காரர் வசமிருந்த துறைமுகங்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் வயிற்றுக்கின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றோர் அத்துறைகளில் கப்பலேற்றப்பட்டனர். நாகைக் கடற்கரையின் பெருமையை நாம் எழுதும்போதெல்லாம் இவ்வுண்மையையும் ஒருபுறம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

அடிமைக்கு முதலில் பறிபோவது பெயர். ஆண்டை தமக்கு வாய்க்கு வந்த பெயரைச் சூட்டுவார். அதன்பின் ஊர்ப்பெயர் ஒட்டப்படும். 'வங்காளத்து அக்மத்', 'இலங்கைக் கொரிடோன்', 'கரையிலிருந்து வந்த இன்னவள்' என்றவாறே பதிவேடுகளில் அவர்கள் காணப்படுகின்றனர். கரை என்பது சோழமண்டலக் கரையே. பெயருக்குப் பின் மொழி போயிற்று. மொழிக்குப் பின் குடும்பம் போயிற்று. தாய் ஒரு பண்ணைக்கும் மகவு மற்றொரு பண்ணைக்கும் விற்கப்படுதல் அங்கே வழக்கமாயிருந்தது.

மார்க்கத்தையும் விட்டுவைத்தார்களில்லை. 1657ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இஸ்லாத்தைப் பொதுவிடத்தில் கடைப்பிடித்தலும் பிறரை அதன்பால் அழைத்தலும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள். வீட்டினுள்ளே ஒருவன் தனக்குத்தானே தொழுதுகொண்டால் விட்டுவிடுவர். பள்ளிவாசல் கிடையாது, பாங்கு கிடையாது. இந்நிலை ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீடித்தது.

இத்தகைய நிலத்துக்குத்தான் கும்பினியார் தம்மை எதிர்த்த கீழ்த்திசை அறிஞர்களையும் அரசகுலத்தாரையும் நாடு கடத்தினர். அவர்களுள் முதன்மையானவர் மக்காசர் நாட்டு ஷெய்கு யூசுஃப் அவர்கள். டச்சுக்காரரோடு போரிட்டுப் பிடிபட்டு, 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை, நூல்கள் எழுதினார். ஹஜ்ஜுக்குச் சென்று மீளும் தம் நாட்டார் இலங்கைத் துறையில் இறங்குங்கால், அவர்கள் வாயிலாகத் தம் மக்களோடு தொடர்பு கொண்டார். இலங்கையும் போதாது என்றெண்ணிய கும்பினியார் 1694இல் அவரையும் அவருடன் 49 பேரையும் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றினர். பிறரோடு கலவாதிருக்கட்டும் என்று நகருக்கு வெகு தொலைவில் ஒரு பண்ணையில் வைத்தனர். ஓடிப்போன அடிமைகளும் ஒதுக்கப்பட்டோரும் அப்பண்ணையையே நாடிவந்தனர்! 1699இல் அப்பெரியார் மறைந்தார். அவ்விடம் இன்றும் மக்காசர் என்றே வழங்குகின்றது.

நம் கட்டுரைக்கு நாயகர் அவருக்குப் பின் 86 ஆண்டு கழித்து வந்தவர். இன்றைய இந்தோனேசியாவின் கீழ்க்கோடியில் திடோர் என்னும் சிறு தீவு உண்டு. கிராம்புக்குப் பேர்போன மலுக்குத் தீவுகளுள் ஒன்று. அத்தீவின் அரசகுலத்தில் 1712இல் தோன்றியவர் அப்துல்லாஹ். தந்தையார் காழி. ஆங்கிலேயரோடு சேர்ந்து டச்சுக்காரருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் என்ற குற்றச்சாட்டின்மேல் அவரையும் உடன் மூவரையும் சிறைப்படுத்தி, 1780 ஏப்ரலில் நன்னம்பிக்கை முனைக்குக் கொணர்ந்து, கரைக்கு அப்பால் கடலில் கிடக்கும் ராபன் தீவில் அடைத்தனர். கேப் டவுன் மக்கள் பிற்காலத்தில் அவரைத் 'துவான் குரு' என்று அழைத்தனர். துவான் என்பது மலாய் மொழியில் பெரியோரைக் குறிக்கும் மரியாதைச் சொல். குரு என்பதற்கு நாம் பொருள் கூற வேண்டுவதில்லை.

ராபன் தீவைப்பற்றி இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுதும் அறிந்துகொண்டது. நெல்சன் மண்டேலா அவர்கள் தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். காற்றும் மணலும் கல்லுமன்றி வேறொன்றும் இல்லாத இடம் அது. அங்கே 68 வயது முதியவர் ஒருவர் கைதியாக வந்து இறங்குகின்றார். ஊர் திரும்பும் நம்பிக்கை இல்லை. தமக்குப்பின் தம் மார்க்கத்தை அத்திசையில் எடுத்துக் கூற எவருமிலர். கையில் நூலொன்றும் இல்லை. அவரிடம் இருந்தது நெஞ்சில் மனனமாயிருந்த திருக்குர்ஆன் ஒன்றே.

அவர் அதனை எழுதத் தொடங்கினார். பார்த்தெழுத மூலப்படி இல்லாமையால், நினைவினின்றும் ஓர் அத்தியாயமாக, ஓர் ஆயத்தாக, முழுத் திருமறையையும் தம் கையால் எழுதி முடித்தார் என்று அந்நாட்டு முஸ்லிம்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். ஒரு படி மட்டுமன்று, பல படிகள். பின்னாளில் அச்சுப்படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகச் சில பிழைகளையே கண்டனர். அவற்றுள் ஒரு படி கேப் டவுனில் அவர்தம் பள்ளிவாசலில் இன்றும் பேணப்பட்டுவருகின்றது. யூசுஃப் நபியின் சிறைவாசத்தைக் கூறும் அத்தியாயத்தைத் தாமே சிறையிலிருந்துகொண்டு அம்முதியவரின் கை எழுதியபோது அவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

திருமறையோடு அவர் நிற்கவில்லை. 'மஃரிஃபத்துல் இஸ்லாம் வல் ஈமான்' என்னும் பெருநூல் ஒன்றை, சிறைப்பட்ட மறு ஆண்டாகிய 1781இல் எழுதி முடித்தார். 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. அரபியிலும் மலாய் மொழியிலும் அமைந்தது. தொழுகை, நோன்பு, திருமணம் முதலியவற்றின் சட்டங்களுடன், இமாம் சனூசி அவர்களின் கொள்கை விளக்கமும் அதில் உண்டு. இறைவனுக்குரிய இருபது சிஃபத்துகளை நம் காயல்பட்டினத்துப் பிள்ளைகளும் கீழக்கரைப் பிள்ளைகளும் மதரசாவில் ஓதியிருப்பர், அதே பாடந்தான்.

இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். சனூசி அவர்களின் விளக்கத்துக்கு அச்சாணியாக விளங்கும் கருத்து இது: இறைவன் எதன்பாலும் தேவையற்றவன், அவனையன்றி உள்ள அனைத்தும் அவன்பால் தேவையுடையன. கல்விக்கூடத்தில் இது தருக்கநூற் சூத்திரம் போலத் தோன்றும். அடிமையின் செவியில் விழும்போது இதன் பொருளே வேறு. சவுக்கேந்திய ஆண்டையும் தேவையுடையவன். அவனுக்கு மேலான ஆளுநனும் தேவையுடையவன். கடல் கடந்து ஆளும் கும்பினியும் தேவையுடையதே. ஆக, தன்னை விலைக்கு வாங்கியவன் தனக்குச் சொந்தக்காரன் அல்லன் என்பதை அடிமை கற்றுக்கொள்கின்றான். சிறுவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் வறட்டுப் பாடம் என்று சிஃபத்துப் பாடத்தை இகழ்வாரும் உண்டு. நாம் அவர்களோடு உடன்படோம். கற்பிக்கின்றவர் யார், கற்கின்றவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

ஏறத்தாழ 12 ஆண்டுகட்குப் பின் துவான் குரு விடுதலை பெற்றுக் கேப் டவுனுக்கு வந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் முதலில் செய்த காரியம் 1793இல் ஒரு மதரசா தொடங்கியது; பள்ளிவாசல் அதன் பின்னரே. இவ்வரிசை முறையை நம் அன்பர்கள் கவனித்தல் நலம். அடிமைப் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக அமர்ந்து ஓதினர். 1825 அளவில் அங்கே பயின்றோர் ஏறத்தாழ 500 பேர்.

பள்ளிவாசலுக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. கூரையில்லையேல் வானமே கூரை என்று, கல்வெட்டிய பள்ளம் ஒன்றில் வெட்டவெளியில் ஜும்ஆத் தொழுகையை நடத்தினார். பின்னர் டார்ப் தெருவில் ஒரு சரக்கறை தொழுமிடமாயிற்று. 'அவ்வல் பள்ளி' என்று பெயர் பெற்ற அதுவே அந்நாட்டின் முதற் பள்ளிவாசல். அவ்விடம் யாருக்குச் சொந்தம்? முன்னே கூறிய இலங்கைக் கொரிடோனுக்கு. அடிமையாயிருந்து விடுதலை பெற்று, 1794இல் அந்நகரில் நிலம் வாங்கியவர் அவர். அவ்வாறு வாங்கிய முஸ்லிம்களுள் முதல்வர் என்பர். அவர் மகள் சார்ச்சி அம்மையார் அவ்விடத்தைப் பள்ளிவாசலுக்கே உரியதாக்கினார். அவரை மணந்த வங்காளத்து அக்மத் பின்னர் அப்பள்ளியின் இமாம் ஆனார். திடோரின் இளவரசர், இலங்கையின் அடிமை, அவர் பெற்ற மகள், வங்காளத்து மருமகன் என்று நால்வரும் கூடித் தாங்கிய பள்ளி அது.

மார்க்கத்துக்குச் சட்டப்படி உரிமை 1804 ஜூலையில் கிடைத்தது. அதனை அருளிச்செய்தோர் உள்ளம் கனிந்து அருளினர் என்று எண்ணிவிடல் வேண்டா. ஆங்கிலேயர் படையெடுப்பர் என்ற அச்சம் இருந்தது. பீரங்கிப் படைக்கு முஸ்லிம்கள் தேவைப்பட்டனர். 1806இல் நிகழ்ந்த போரில் அவர்கள் பீரங்கி இயக்கவும் செய்தனர். துவான் குரு 1807இல் காலமானார்; தானா பாரு என்னும் மையவாடியில் அடக்கப்பட்டார்.

மொழியைப்பற்றி ஒரு சொல். நம் நாட்டு முஸ்லிம்கள் ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும் தூய தமிழால் வழங்குகின்றனர். அங்குள்ளோர் நோன்பை 'புவாசா' என்கின்றனர். மலாய் வழிச் சென்ற அச்சொல் நம் உபவாசமே. நாம் பாங்கு என்பதை அவர்களும் 'பாங்' என்றே கூறுகின்றனர். நம் கடற்கரை முஸ்லிம்களைப் போல அவர்களும் ஷாஃபி வழியினர். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. மலாய் மொழி நாளடைவில் தேய்ந்து, பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியே பேசலாயினர். உடனே ஆசிரியர்கள் அம்மொழியையே அரபு எழுத்தில் எழுதிப் பாடம் நடத்தினர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என்று வளர்த்ததுபோலவே! அங்கு வந்து சேர்ந்த துருக்கி நாட்டு அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி இவ்வாறு எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. வெள்ளையர் தம் தனிச்சொத்தாகக் கொண்டாடிய ஒரு மொழியின் மிகப் பழைய நூல்களுட் பல, மதரசாப் பிள்ளைகளுக்காக அரபு எழுத்தில் எழுதப்பட்டவை என்பது காலத்தின் வேடிக்கை. பிள்ளைக்கு எம்மொழி புரியுமோ அம்மொழியிலே மார்க்கத்தைச் சொல்லுதல் வேண்டும் என்பதை அவ்வாசிரியர்கள் உணர்ந்திருந்தனர். தில்லியிலும் மும்பையிலும் பிறந்து இந்தியிலே சிந்திக்கும் நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர், இவ்விடத்தை இருமுறை படிப்பார்களாக.

எல்லோரும் ஒற்றுமையாய் வாழ்ந்தார்கள் என்று கூறிவிட்டால் கதை அழகாயிருக்கும், உண்மையாயிராது. யார் இமாம் என்பதில் அவர்களுக்குள் ஓயாத பூசல். துவான் குரு உயிரோடிருந்தபோதே தலைமைப் போட்டி எழுந்து, லாங் தெருவில் மற்றொரு தொழுமிடம் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் பள்ளிவாசல் வழக்குகள் ஆங்கிலேயர் நீதிமன்றத்தில் ஏறிய வண்ணமிருந்தன. சங்கத் தேர்தல் நடத்திப் பழகிய நம் அன்பர்கள் இதனைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

1882இல் அம்மை நோய் அந்நகரை வாட்டியது. அதன்பின் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி, 1886 ஜனவரி 15 அன்று தானா பாரு மையவாடி மூடப்பட்டது. இரண்டே நாளில் ஒரு குழந்தையின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 3,000 பேர் ஊர்வலமாகச் சென்று, தடையை மீறி அங்கேயே அடக்கினர். கைகலப்பும் சிறைத்தண்டனையும் பின்தொடர்ந்தன. கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்கத்தின் அச்சம் முழுதும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அறிவிப்புப் பலகையை நட்டவர்களுக்கு அது ஒரு நிலத்துண்டு. சுமந்து வந்தவர்களுக்கு அது துவான் குரு உறங்கும் இடம்.

இருபதாம் நூற்றாண்டில் நிறவெறி ஆட்சி வந்தது. அதன் கொடுமைகளுள் இரண்டினை மட்டும் கூறுவோம். கேப் டவுனில் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் என்பார் 1955 முதல் ஒரு பள்ளிவாசலில் பணியாற்றி வந்தார். மிம்பரில் நின்று நிறவெறிச் சட்டங்களை இஸ்லாத்துக்கு முரணானவை என்று எடுத்துக் கூறினார்; கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று அவர்களோடு பழகினார். 1969 மே 28 அன்று அவரைக் கைதுசெய்து, வழக்கின்றி 123 நாள் தனிமைச் சிறையில் வைத்தனர். செப்டம்பர் 27 அன்று சிறையிலேயே உயிர் பிரிந்தது. மாடிப்படியில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. அவர் ஜனாஸாவுக்கு ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். 54 ஆண்டுகள் கழிந்து, 2023 அக்டோபரில், காவலர் செய்த சித்திரவதையாலேயே அவர் இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு காலமும் அக்குடும்பத்தார் அவ்வுண்மையை விடாது கேட்டுக்கொண்டே இருந்தனர். பொறுமை என்று நாம் மொழிபெயர்க்கும் ஸப்ர் என்ற சொல்லுக்குக் கைகட்டி வாளாவிருத்தல் என்பது பொருளன்று என்பதை அக்குடும்பத்தாரின் 54 ஆண்டுகளைவிட விளக்கமாக எந்த அகராதியும் கூறவல்லதன்று.

மற்றொன்று 'ஆறாம் வட்டம்' என்னும் பகுதியின் கதை. முஸ்லிம்களும் கிறித்தவரும் பிறரும் ஒன்றாக நெருங்கி வாழ்ந்த தெருக்கள் அவை. 1966 பிப்ரவரி 11 அன்று அப்பகுதி வெள்ளையர்க்கே உரியதென அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோர் பல கல் தொலைவிலுள்ள மணல்வெளிக்குப் பெயர்க்கப்பட்டனர். வீடுகளை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. வழிபாட்டிடங்களை மட்டும் இடிக்கவில்லை. சுற்றிலும் கற்குவியலும் புல்லும் மண்டிக்கிடக்க, மூயர் தெருப் பள்ளிவாசல் தனித்து நின்றது. ஜமாஅத்தார் அதனைக் கைவிடவில்லை. மணல்வெளியிலிருந்து பேருந்து ஏறி, தம் இடிந்த வீடுகளைக் கடந்து, பழைய பள்ளிக்கே ஜும்ஆவுக்கு வந்துபோயினர். பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்தனர். தாம் வாழ்ந்திராத தெருக்களின் பெயர்களை அப்பிள்ளைகள் அவ்வாறு கற்றுக்கொண்டனர்.

நிறவெறி ஆட்சி 1994இல் ஒழிந்தது. இழந்த நிலத்தை மீட்கும் வேலை மிக மெல்ல நடந்தது, இன்னும் முடிந்தபாடில்லை. 2004 பிப்ரவரி 11 அன்று, வெளியேற்ற ஆணை பிறந்த அதே தேதியில், முதன்முதலாகத் திரும்பி வந்த இரு முதியவர்களுக்கு வீட்டுச் சாவிகளை மண்டேலா தம் கையால் வழங்கினார். இருவருக்கும் வயது எண்பதுக்கு மேல். அவர்களுள் ஒருவர் முஸ்லிம் பெரியவர். மூயர் தெருவின் பாங்கு, மக்கள் குடியிருக்கும் வீடுகளில் மீண்டும் கேட்கலாயிற்று.